அச்சேறிய நேர்த்திக்கடன்

அத்தியாயம் பதினொன்று

இந்தக் காலத்து ஆட்களுக்கு எதையும் பார்த்துவிட்டுச் சும்மா போகத் தெரியவில்லை. முன்பெல்லாம் வெயிலில் நடந்து வந்தவன் ஒரு செம்பு தண்ணீர் கேட்பான், குடிப்பான், உங்கள் பக்கம் மழை உண்டா என்பான், போய்விடுவான். இப்போது வருகிறவன் நோட்டுப் புத்தகத்தோடு வருகிறான். உன் சாமி எது, உன் பாட்டன் கும்பிட்டது எது, செத்தவனை எந்தத் திசைக்குத் தலை வைத்துப் படுக்கப் போடுவாய் என்று கேட்கிறான். நாமும் வாயைப் பிளந்துகொண்டு சொல்கிறோம். எழுதிக்கொண்டு போகிறான். என்ன எழுதினான் என்பது ஊரெல்லாம் தெரிந்த பிறகு, கடைசியில் நம் காதுக்கு வருகிறது.

ஞானையா வீட்டில் நடந்தது அதுதான். எழுதிக்கொண்டு போனவன் வேறு யாரும் இல்லை, அவர் பெற்ற பிள்ளை.

நடுவில் விட்டுப்போனவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடலாம்.

திருச்சுழிக்கும் அருப்புக்கோட்டைக்கும் நடுவே, கரிசல் வெடித்துக் கிடக்கிற முள்ளிச்செவலில் ஞானையா சபை மூப்பர். மகன் செல்வதுரை வடக்கே, ரயிலில் இரண்டு நாள் போகவேண்டிய சர்வகலாசாலை ஒன்றில் உலக மதங்கள் என்று ஒரு படிப்புப் படிக்கிறான். அந்தப் படிப்புக்காக ஒரு கட்டுரை எழுதினான். தன் தாய் சவுந்தரம், கிறிஸ்தவளாக இருந்துகொண்டே, மகன் உயிருக்காகப் பழைய குலசாமி இருளப்பசாமிக்கு நேர்ந்துகொண்டாள். வருஷா வருஷம் மாசிக் களரித் திருவிழாவில் அவள் பேரில் சேவல் அறுபடுகிறது. இதுதான் கட்டுரை. அவன் வாத்தியாருக்குப் பிடித்துப்போய் இங்கிலீஷ் பத்திரிகையில் அச்சுப் போட்டுவிட்டார். பத்திரிகை சுற்றிச் சுற்றி அருப்புக்கோட்டைப் பாதிரியார் மேஜைக்கு வந்தது. பாதிரியார் எழுத்தில் உத்தரவு போட்டார். சவுந்தரத்துக்குச் சபை விலக்கு. நற்கருணை கிடையாது. செத்தால் கல்லறைத் தோட்டத்துக்குள் இடம் கிடையாது. சுவருக்கு வெளியே, ஓடைப் பக்கம்.

செத்தால் என்பது வாய்ப்பேச்சு இல்லை. சவுந்தரத்துக்கு வயிற்றில் நீர் கோத்து மூன்று மாசம் ஆகிறது. இனிமேல் வண்டியில் போட்டுத் தூக்கிக்கொண்டு வரவேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சுவருக்கு உள்ளே அவள் பெற்ற மூன்று பிள்ளைகள் கிடக்கிறார்கள். அந்த மூன்றுக்கும் பக்கத்தில் ஆறடி வேண்டும். அவள் கேட்பது அவ்வளவுதான்.

இன்று சனிக்கிழமை. கடைசியாக ஒரு தடவை விசாரிப்பதற்காகச் சபைக் கமிட்டி முற்பகலில் கூடுகிறது. கடிதம் கண்டு செல்வதுரை நேற்று வந்து இறங்கியிருந்தான். அப்பனும் மகனும் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை.

*

காலையில் ஞானையா கொல்லையில் குந்தியிருந்து பருத்திமார்க் குச்சிகளை ஒடித்து அடுப்புக்கு அடுக்கிக்கொண்டிருந்தார். செல்வதுரை வந்து பின்னால் நின்றான்.

“ஐயா.”

ஒரு குச்சி ஒடிந்தது.

“ஐயா, ஏதாவது பேசுங்க. வையிறதா இருந்தாலும் வைங்க.”

“வைஞ்சா அதையும் எழுதிக்கிடுவ.”

செல்வதுரை சுற்றி முன்னால் வந்தான். ஊரில் இருந்தபோது இருந்த உடம்பில் பாதிதான் இருந்தது. மூக்கில் கண்ணாடி. கையில் அந்தப் பத்திரிகை.

“கொண்டாந்திருக்கேல்ல. படி. தமிழ்ல சொல்லு. கூட்டாம, கொறைக்காம.”

அவன் நின்றபடியே படித்தான். 

“‘ஆண்கள் மதம் மாறுகிறார்கள். ஞானஸ்நானம் பெற்றுப் பெயரை மாற்றிக்கொள்கிறார்கள். பெண்கள் மாறுவதில்லை. பழைய தெய்வத்தை அடுப்படியில் ஒளித்து வைத்துக் காப்பாற்றி வருகிறார்கள். இதற்குச் சாட்சி என் தாயார்.’ இதுதான் ஐயா சாரம். இதை வச்சுத்தான் நான் பட்டத்துக்குக் கொடுக்கிற புஸ்தகமே எழுதியிருக்கேன். ஜப்பான்ல, ரோமாபுரியில எல்லாம் பொம்பளைக இப்படித்தான்...”

“ரோமாபுரி கெடக்கட்டும். இங்க ஒங்க ஆத்தா நேந்தான்னு ஒனக்கு யாரு சொன்னது?”

“பெரியம்மா.”

பெரியம்மா என்றால் கருத்தம்மாள். ஞானையாவின் அண்ணன் மொக்கையனின் பெண்டாட்டி. ஞானையா வாலிபத்தில் வேதத்துக்கு வந்தவர். மொக்கையன் கடைசி வரை வரவில்லை. போன தையில் செத்து, அவர்கள் வழக்கப்படி எரிந்து சாம்பலாகிவிட்டான்.

“அவ என்ன சொன்னா? அவ வாயில வந்த மாதிரியே சொல்லு.”

செல்வதுரை சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்துப் பிரித்தான். “‘களரியில ஒன் பேருக்கும் ஒரு சேவல் உண்டுய்யா. சவுந்தரம் நேந்த சேவல்னு கூவித்தான் பூசாரி அறுப்பாரு.’ இதான் சொன்னாங்க.”

“நீ ஒங்க ஆத்தாகிட்டக் கேட்டியா?”

“எப்படி ஐயா கேக்கிறது? அவங்களா மறைச்சு வச்சிருக்கிறதப் போயி நான் தோண்டுறதா?”

“அவகிட்டக் கேக்கக் கூசுச்சு. ஊருக்குச் சொல்லக் கூசல.”

மகன் தலையைக் குனிந்துகொண்டான்.

“உலகத்துல இருக்கிற சாமியெல்லாம் படிக்கிறியே, ஒம் பெரியப்பன் வீட்டுச் சாமிக்கு எப்படிப் பேரு சொல்லுவாகன்னு படிச்சியா? பிள்ளைக்குன்னு நேந்தா அப்பன் நேந்தாலும் சரி, தாய்மாமன் நேந்தாலும் சரி, அங்க தாயி பேரைத்தான் சொல்லுவாக. வயித்துல சொமந்தவ பேரச் சொன்னாத்தான் இது எந்தப் பிள்ளைன்னு சாமிக்கு அடையாளம் தெரியும். எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தான். ஒம் பெரியம்மாவுக்கு அது ஒரு சங்கதியாவே தோணியிருக்காது. அதனால சொல்லல. ஒனக்குக் கேக்கத் தெரியல.”

செல்வதுரை கண்ணாடியைக் கழற்றினான். “அப்ப நேந்தது யாரு?”

ஞானையா கையில் இருந்த குச்சி பச்சை. ஒடியாமல் வளைந்தது. அதைத் தூக்கி எறிந்தார்.

“நான்தான்டா.”

*

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊரில் பேதி வந்தது. ஒன்பது நாளில் மூன்று பிள்ளைகள் போயின. மூன்றையும் குழி வெட்டிப் புதைத்தவர் ஞானையாதான். கூட வர ஆட்கள் பயந்தார்கள். மூன்றாவதைப் புதைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் கைப்பிள்ளை செல்வதுரைக்கும் கண்டுவிட்டது. தோளில் இருந்த மண்வெட்டியை இறக்காமல் அப்படியே திரும்பி அண்ணன் வீட்டுக்குப் போனார். மொக்கையன் ஒன்றும் கேட்கவில்லை. ஞானஸ்நானத்துக்கு முன்னால் ஞானையாவின் பேரே இருளப்பன்தான். சாமி முன்னால் போய் நின்றார், வருஷத்துக்கு ஒரு சேவல் என்று நேர்ந்து கும்பிட்டார், வந்தார்.

பிள்ளை பிழைத்துக்கொண்டது. சாமி பிழைக்க வைத்ததா, மிஷன் மருந்தா, இல்லை பிள்ளைக்கே கெட்டி உசுரா என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழி ஒன்றுதான் உண்டு. சேவலை நிறுத்திப் பார்க்க வேண்டும். அந்தத் துணிச்சல் வரவில்லை. மாசி தோறும் ஒரு சேவலைச் சாக்கில் போட்டு அண்ணன் கையில் கொடுத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முன்வரிசையில் உட்காருவார்.

பாதிரியார் உத்தரவை வாசித்த அன்றே எழுந்து சொல்லியிருக்க வேண்டும். கால் எழவில்லை. அதற்கும் காரணம் உண்டு. ஏழு வருஷத்துக்கு முன்னால், கழுத்தில் தாயத்தோடு செத்துப்போன பொன்னுத்தாயைச் சுவருக்கு வெளியே புதைக்கச் சொல்லி, கம்பை ஊன்றி இடம் காட்டியவர் அவர்தான்.

செல்வதுரை தரையில் உட்கார்ந்துவிட்டான். “அப்ப என் கட்டுரை முழுக்க...”

“கட்டுரைதான் மொதல்ல வருது வாயில.”

“இல்ல ஐயா... அம்மாவ நெனச்சுத்தான்...” அவன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டான். “எந்த எடத்துல பொதைக்கிறாங்கங்கிறதுல என்ன ஐயா இருக்கு? பம்பாய்ப் பக்கம் பார்சின்னு ஒரு மதம். அவங்க பொதைக்கிறதே இல்ல. உசரத்துல கொண்டுபோயி கழுகுக்கு வச்சிருவாங்க. அவங்களும் கடவுளக் கும்பிடுறவங்கதான்.”

“அப்படியா? உள்ள போயி ஒங்க ஆத்தாகிட்டச் சொல்லு. சந்தோஷப்படுவா.”

செல்வதுரை முகத்தை மூடிக்கொண்டான்.

“இந்தப் படிப்பு என்னத்துக்குடா?”

“ஒருத்தர் சாமிய ஒருத்தர் தெரிஞ்சுக்கிட்டா, ஒருத்தர ஒருத்தர் வெளிய தள்ள மாட்டாங்கன்னு நெனச்சேன்.”

ஞானையா எழுந்து வேட்டியை உதறினார். “நல்லாத் தெரிஞ்சுக்கிட்டாக.”

*

சவுந்தரம் கயிற்றுக் கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தாள். மல்லாந்தால் மூச்சு முட்டும். கால் இரண்டும் வீங்கி, தோல் பளபளத்தது.

“மகன்கிட்டப் பேசிட்டீகளா?”

“பேசினேன்.”

“அவன வையாதீக. பசியோட வந்திருக்கான்.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “கமிட்டிக்குப் போறீகளா?”

“போறேன். சேவல் குடுத்தது நீ இல்ல, நான்தான்னு சொல்லப் போறேன்.”

அவள் வாயோரம் கோணியது. சிரிப்பு என்று தெரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“வருஷா வருஷம் மாசியில ஒரு சேவல் காணாமப் போகும். மரநாய் தூக்கிட்டுப் போயிருச்சுன்னு வந்து நிப்பீக. அந்த மரநாய்க்கு மாசி பொறந்தது எப்படித்தான் தெரியுமோ. அதுலயும் செவலையாப் பாத்துத்தான் தூக்கும்.”

ஞானையா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

“தெரியுமா ஒனக்கு?”

“கோழி வளக்கிறவ நானா நீங்களா?”

“பெறகு சபை உபதேசியார் வந்து கேக்கும்போது ஏன் வாயத் தெறக்கல?”

“தெறந்து? நான் இல்ல, எங்க வீட்டுக்காருன்னு சொல்லவா?” கொஞ்ச நேரம் மூச்சுக்காகக் காத்திருந்தாள். “ரெண்டு பேருல ஒருத்தராவது உள்ள போகணும்ல. நான் வெளிய கெடந்துக்கிடுவேன். நீங்க காலம் வரும்போது உள்ள போயி அதுக மூணோடயும் கெடங்க. சின்னவளுக்கு இருட்டுன்னா பயம்.”

வாசலில் கோழிகள் கிளறுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“அதனால இன்னைக்கும் சொல்லாதீக.”

ஞானையா துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

“சொல்லாதீகன்னேன்.”

அவர் வெளியே வந்தார். இருபத்திரண்டு வருஷம் அவள் பேச்சை எதிலும் மீறாதவர் போல நடந்தார். இன்றைக்கு மீறிப் போனார்.

*

சர்ச்சில் பெஞ்சு இரண்டே இரண்டு. ஒன்றில் கமிட்டிக்காரர்கள் ஐந்து பேர். சபையை நடத்துகிற உபதேசியார் ஜேசுராஜ் மேஜைக்குப் பின்னால். மேஜையில் பாதிரியாரின் உத்தரவு, அதன்மேல் காற்றுக்குப் பறக்காமல் ஒரு கூழாங்கல். ஞானையா தம் இடத்தில் உட்காரவில்லை. நின்றார்.

“அந்தச் சேவல் நான் குடுத்தது. சவுந்தரத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. நேந்ததும் நான், குடுத்ததும் நான். என்னய வெளிய தள்ளுங்க. அவள உள்ள விடுங்க.”

ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தவமணி மூப்பர்தான் முதலில் வாய் திறந்தார். பருத்தி மண்டி வைத்திருக்கிறவர். எடை போடாமல் எதையும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

“ஞானையாண்ணே, சாகப் போற பெண்டாட்டி மேல இம்புட்டுப் பாசம் வச்சிருக்கிறது பெரிய மனசுதான். ஆனாலும் பொய்யி பொய்யிதானே.”

“பொய்யி இல்ல தவமணி.”

“அச்சுல என் தாயார்னு இருக்கு. எழுதினவன் ஒம்ம மகன். எம்.ஏ. படிக்கிறவன். மூணாங் கிளாஸோட நின்ன நீரு வாயில சொல்றத நாங்க நம்பணுமா, அச்சுல இருக்கிறத நம்பணுமா?”

பின்னால் சுவரோரம் நின்ற செல்வதுரை முன்னால் வந்தான். “நான் எழுதினது தப்பு. பேர் சொல்ற வழக்கம் தெரியாம எழுதிட்டேன்.” தாய் பேரைச் சொல்லி அறுக்கிற வழக்கத்தை எடுத்துச் சொன்னான். காலையில்தான் கேட்டுக்கொண்டதை, பத்து வருஷம் தெரிந்தவன் போல விளக்கமாகச் சொன்னான்.

தவமணி முழுக்கக் கேட்டார். “தம்பி, ஒண்ணு நீ ஒங்க வாத்தியாரை ஏமாத்தி இல்லாதத அச்சுப் போட்டிருக்க. இல்லைன்னா இப்ப எங்களை ஏமாத்துற. ரெண்டுல எதுன்னு நீயே சொல்லிரு.”

“ரெண்டும் இல்ல.”

“அதெப்படி?”

அப்போது வாசல்படிக்கு வெளியே ஒரு குரல் கேட்டது. கருத்தம்மாள். வெயிலில் வந்து, படியில் கால் வைக்காமல் நின்றிருந்தாள். இந்தக் கட்டிடத்துக்குள் அவள் ஒரு நாளும் வந்ததில்லை.

“கொழுந்தனாரு சொல்றது நெசம். எங்க வீட்டுக்காரு கையில சாக்கோட குடுத்தத நான் கண்ணால பாத்திருக்கேன். நான் சொன்னத இந்தப் பய மாத்திப் புரிஞ்சுக்கிட்டான். எந் தங்கச்சி சவுந்தரம் ஒண்ணும் அறியாதவ.”

“சத்தியம் பண்ணுவியா?” என்றார் தவமணி.

“பண்ணுறேன். இருளப்பசாமி மேல ஆணையா...”

“ஏய், ஏய்! அந்தப் பேர இங்க எடுக்காத.” பெஞ்சில் இரண்டு பேர் எழுந்துவிட்டார்கள். “வேதப் புஸ்தகத்துல கைய வச்சுச் சொல்லு.”

கருத்தம்மாள் இரண்டு எட்டுப் பின்னால் போனாள். “ஐயய்யோ, அது என்னால ஆகாது. அது ஒங்க சாமி புஸ்தகம். அதுல கை வச்சு நான் சொன்னா அது சத்தியமே இல்ல, வெறும் பேச்சு. என் சாமி பேரச் சொன்னாத்தான் நான் பொய் சொல்லப் பயப்படுவேன்.”

 ஜேசுராஜ் கேலியாக அல்ல, நிஜமாகவே கேட்டார். “தம்பி, நீதான் இதெல்லாம் படிக்கிறவன். ஒருத்தர் சாமி மேல பண்ணின சத்தியத்த இன்னொருத்தர் ஏத்துக்கிட உலகத்துல எங்கயாவது வழி வச்சிருக்காகளா?”

செல்வதுரையின் கை சட்டைப் பையிலிருந்த நோட்டுக்குப் போய்த் திரும்பியது. 

“சரி, அப்படியே வச்சுக்கிடுவோம்,” என்றார் தவமணி. “நேந்தது நீருதான். ஆனா பொன்னுத்தாயி செத்த அன்னைக்கு அவ மகன் இதே எடத்துல நின்னு அழுதான், ஞாபகம் இருக்கா? தாயத்தக் கட்டினது எங்க அம்மாச்சி, எங்க ஆத்தாவுக்கு நெனவே இல்லைன்னு. அப்ப நீரு என்ன கேட்டீரு?”

ஞானையாவுக்கு ஞாபகம் இருந்தது.

“கட்டினது யாரா இருந்தா என்ன, கழுத்து யாரு கழுத்துன்னு கேட்டீரு. அதையேதான் நாங்களும் கேக்குறோம். குடுத்தது யாரா இருந்தா என்ன? பேரு யாரு பேரு?”

ஞானையாவின் கை பெஞ்சைத் தேடியது. பெஞ்சு எட்டவில்லை. மகன் வந்து தோளைப் பிடித்தான். அந்தக் கையைத் தட்டிவிடக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

ஜேசுராஜ் கூழாங்கல்லை எடுத்து மறுபடி வைத்தார். “அண்ணே, உத்தரவு எழுத்துல வந்தது. எழுத்துலதான் மாறணும். என் கையில ஒண்ணும் இல்ல. நீங்க நடந்தத எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. தம்பியும் தான் எழுதினது தப்புன்னு எழுதிக் குடுக்கட்டும். பாதிரியார் அதப் பாத்து ஒரு வரி எழுதித் தந்தா, நானே நின்னு சுவருக்குள்ள தோண்டச் சொல்றேன். அது வரைக்கும் முடியாது.”

“அதுக்கு முந்தி அவ போயிட்டா?”

ஜேசுராஜ் உத்தரவைக் கூழாங்கல்லோடு தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“இவருக்கு?” என்றார் பெஞ்சில் ஒருவர்.

“இவருக்கும் விலக்குத்தான்,” என்றார் தவமணி. “சொன்னது நெசம்னா இருளப்பசாமிக்குச் சேவல் குடுத்ததுக்கு. பொய்யின்னா பொய்ச்சாட்சி சொன்னதுக்கு. எப்படிப் பாத்தாலும் வெளியதான்.”

மூன்று பிள்ளைகளோடு போய்க் கிடக்க இப்போது இரண்டு பேரில் ஒருவரும் இல்லை என்று ஆகிவிட்டது.

*

ரோட்டோரம் உடைமர நிழலில், மைல் கல்லைப் பலகையாக வைத்துச் செல்வதுரை எழுதினான். முதலில் அவனுடையது. தீர விசாரிக்காமல் எழுதினேன், என் தாயார் எதையும் நேரவில்லை, கட்டுரையின் கருத்து அடியோடு தவறு. ஒரு பிரதி பாதிரியாருக்கு, ஒரு பிரதி அவன் வாத்தியாருக்கு.

“வாத்தியாருக்கு எதுக்கு?”

“அங்கேயும் மாத்தலைன்னா, இங்க சும்மா சொல்றேன்னுதான் பாதிரியார் நெனப்பாரு.”

“ஒன் படிப்பு?”

“அந்தப் புஸ்தகம் போச்சு ஐயா. திரும்ப எழுத விடுவாங்களோ, அனுப்பிருவாங்களோ.”

ஞானையா அவனைப் பார்த்தார். மைல் கல்லில் படிந்த புழுதியைத் துண்டால் துடைத்துவிட்டார். 

பிறகு அவருடையதை எழுதி, படித்துக் காட்டினான். இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். மூன்றாம் தரமும் படிக்கச் சொன்னார். சேவல், சாக்கு, அண்ணன், பேதி வந்த வருஷம், எல்லாம் சரியாக இருந்தது. கடைசி வரியில், ‘இந்த விஷயம் இன்று வரை என் மனைவிக்குத் தெரியாது’ என்று இருந்தது.

“அத யாரு சொன்னது?”

“தெரியாதுதானே ஐயா? தெரிஞ்சிருந்தா அவங்களும் மறைச்சதா ஆயிரும். பாதிரியார் விட மாட்டாரு.”

மறுபடியும் விசாரிக்காமல் எழுதியிருந்தான். ஞானையா பேனாவை வாங்கினார். பிடி இறுக்கிப் பிடித்து, ஞா, னை, யா என்று மூன்று எழுத்தையும் தனித்தனியாக, உழவுச் சால் போலக் கீறினார். அந்தக் கடைசி வரிக்குக் கீழேதான் கையெழுத்து விழுந்தது.

திருச்சுழிப் பக்கமிருந்து அருப்புக்கோட்டை பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. உலகச் சண்டைக்குப் பெட்ரோல் எல்லாம் போய்விட்ட பிறகு, பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு அதன் புகையில் ஓடுகிற பஸ். நின்றதும் இஞ்சின் அணைந்துபோயிற்று. கிளீனர் இறங்கிப் போய்க் கைப்பிடியைப் போட்டு அடுப்பை ஊதச் சுற்றினான்.

செல்வதுரை ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகக் குனிந்தான். “சாயங்கால பஸ்ஸுக்குப் பாதிரியார் கையெழுத்தோட வந்திருவேன். அம்மாவப் பாத்துக்கங்க. அவரு இதத் தட்ட மாட்டாரு ஐயா. எல்லாம் எழுத்துல இருக்கு.”

“எழுத்துலதான்டா ஒங்க ஆத்தாவும் இருந்தா.”

“நம்புங்க ஐயா.”

ஞானையா துண்டை உதறித் தலையில் போட்டுக்கொண்டு ஊர்ப்பக்கம் திரும்பினார். வெயில் நேர் உச்சியில் இருந்தது. வெடிப்புகளைத் தாண்டித் தாண்டி நடந்தார். பின்னால் கிளீனர் கைப்பிடியைச் சுற்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இஞ்சின் பிடித்ததா இல்லையா என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை.